ரெண்டாவது டிரைவர்

வேடியப்பன்னு ஒருத்தர் நெஜமாவே இருக்காரு, அரூர்ல ஷேர் ஆட்டோ ஓட்டறாரு, இந்த வருஷத்துல மட்டும் பதினோரு தடவ கௌஹாத்தி போய்ட்டு வந்திருக்காரு, அது அவருக்கே தெரியாது. பன்னெண்டாவது தடவ போறதுக்கு இப்ப அவரா நான் உக்காந்திருக்கேன். கம்பெனி யார்டுக்குள்ள, வெளிய விடற கேட்டப் பாத்த மாதிரி, வரிசையில ஒம்போதாவது வண்டியில, காலைல பத்து மணியிலேருந்து. மடியில அவரோட லைசென்ஸ் ஜெராக்ஸ். ஜெராக்ஸ ஜெராக்ஸ் எடுத்து அத மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல கருப்பா ஒரு சதுரம், ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையா ரெண்டு காது. அவ்ளோதான் அடையாளம். காது இருக்கறவன் எவன் வேணும்னாலும் வேடியப்பன் ஆகலாம். இதுவரைக்கும் தயாளன் ஆயிட்டிருந்தான், எங்கப்பாவோட லாரி புக்கிங் ஆபீஸ்ல டீ வாங்கறதுலேருந்து தார்ப்பாய் மடிக்கறது வரைக்கும் எல்லாமே அவன்தான், அவனுக்கு மூணு நாளா அம்மை போட்டிருக்கு, அதனால இன்னிக்கு நான். மதியழகன், சட்டம் மூணாம் வருஷம், பேச்சுப் போட்டியில கோப்பை வாங்கினவன், ரெண்டு காது உள்ளவன். விஷயம் ரொம்ப சின்னது, கேவலமானது. இந்தக் கம்பெனி ஃப்ரிட்ஜ் செய்யுது. ஃப்ரிட்ஜ் அஞ்சே நாள்ல கௌஹாத்தி போய் சேரணும். அவ்ளோ தூரத்துக்கு வண்டிக்கு ரெண்டு டிரைவர் இருக்கணும்னு கம்பெனியே ரூல் போட்டிருக்கு, ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் தூங்கணும். ரூல் அழகாத்தான் இருக்கு. ஆனா ரூல் கேட்டு வரைக்கும்தான். கேட்டுல ரெண்டு தலை இருக்கான்னு எண்ணுவாங்க, இருந்தா கேட்டு தெறக்கும், வண்டி செங்குன்றம் தாண்டி டோல் போனதும் ரெண்டாவது தலை இறங்கி பஸ் புடிச்சு மாதவரம் போய் மத்தியான சோறு தின்னும், மொதத் தலை தனியா ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் போவும். இந்த ரெண்டாவது தலைக்கு எங்க லைன்ல கேட் டிரைவர்னு பேரு. எனக்கு முன்னாடி நிக்கற எட்டு வண்டியிலயும் இடது பக்கம் உக்காந்திருக்கறவங்களப் பாக்கறேன். ஒருத்தன் சலூன்லேருந்து நேரா வந்திருக்கான், கழுத்துல பவுடர். ஒருத்தர் கையில வெத்தலக் கட்டு, வீட்டுக்கு வாங்கினது. இவங்கள்லாம் கௌஹாத்தி போறாங்களாம். எண்ணறவனுக்கும் தெரியும், எண்ணச் சொன்னவனுக்கும் தெரியும், கேட்டுக்கு மேல பெருசா எழுதி வெச்சிருக்கான், பாதுகாப்பே எங்கள் முதல் கடமைன்னு.

காலைல தோசைய பிச்சுக்கிட்டே அப்பா சொன்னாரு, "இன்னிக்கு நீ போய்ட்டு வந்துருடா." நான் சும்மா விடுவேனா. இது ஆள்மாறாட்டம், இது பொய்யாவணம், மாட்டினா எனக்கு வக்கீலா பதிவு பண்ணவே முடியாதுன்னு வரிசையா அடுக்கினேன். அவரு சட்னிய தொட்டுக்கிட்டாரு. "அவன் ரெண்டு தலை கேக்கறான். உன் தலை வீட்ல சும்மாதான இருக்குது. எடுத்துட்டுப் போய் அங்க வெய்யி. வாய மட்டும் இங்கயே வெச்சுட்டுப் போ." அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, ஏன்னா அது நல்ல பதில், எங்கப்பா கோதண்டபாணி எட்டாவதோட நின்னவரு, எப்பவும் எங்கிட்ட நல்ல பதில்தான் சொல்வாரு, அந்த எரிச்சல நான் காலேஜ்ல போய் எவன்மேலயாவது காட்டுவேன். "ஏம்ப்பா, நீங்களே இருபத்தி ரெண்டு வருஷம் ஓட்டினவருதான, ஒரு ஆள தனியா அனுப்பினா என்ன ஆவும்னு தெரியாதா"ன்னு கேட்டேன். "தெரிஞ்சதாலதான் ஆபீஸ் போட்டேன்"னாரு. இதவிட கேவலமா ஒரு மனுஷன் உண்மையச் சொல்ல முடியாது. சின்ன வயசுல அவரு ட்ரிப் முடிச்சு வீட்டுக்கு வந்தா நாங்க டிவி போடக்கூடாது. ஒரு தடவ சாப்புட உக்காந்தவரு சோத்துல கை வெச்சபடியே தூங்கிட்டாரு, ரசம் விரலுக்கு நடுவுல தேங்கி நிக்குது, அம்மா கைய தூக்கி கழுவிவிட்டு தொடச்சு மடியில வெச்சாங்க, அவருக்கு எதுவும் தெரியல, கண்ணு பாதி தெறந்திருந்துச்சு, வெள்ள மட்டும் தெரிஞ்சுது. நான் பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த ஆளுதான் இன்னிக்கு இன்னொரு ஆள அனுப்பறாரு. அன்னிக்கு அவருக்கு யாரு கேட் டிரைவரா உக்காந்தாங்களோ. அவனும் ஏதோ டோல்ல இறங்கி சாப்பாட்டுக்குப் போயிருப்பான். போன செமஸ்டர்ல மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தப் பத்தி நாப்பது பக்கம் எழுதினேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்தொண்ணாம் வருஷச் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டச் சொல்லக்கூடாது. வாத்தியாரு ஓரத்துல சிவப்பு மையில நடை நன்றுன்னு போட்டிருந்தாரு. நடை. மனுஷன் சாகறான்னு எழுதினா நடை நல்லாருக்காம். அவர்கிட்டயும் சண்ட போட்டேன். எல்லார்கிட்டயும் போட்டாச்சு, வார்டன்கிட்ட, லைப்ரரியில, சில்லறை தராத கண்டக்டர்கிட்ட. இந்த வண்டியில ஏறறப்ப மட்டும் கால வெச்சு ஏறினேன், சாதுவா, மாட்ட லாரியில ஏத்தற மாதிரி கூட இல்ல, அது ஒரு தடவையாவது கால உதைக்கும்.

வலது பக்கம் சென்றாயன் அண்ணன். தர்மபுரிக்காரரு, அம்பது இருக்கும், வேடியப்பனுக்கு அக்கா புருஷன். மச்சானுக்குக் கண்ணுல பொரை வந்து லாரிய விட்டு ஆட்டோவுக்கு மாறினப்ப லைசென்ஸ வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்த புண்ணியவான் இவருதான். காலைல அஞ்சு மணிக்கு விசாகப்பட்டணத்துலேருந்து ஒரு வண்டியக் கொண்டாந்து விட்டாரு, எட்டரைக்கு அடுத்த வண்டிச் சாவி கையில. நடுவுல குளிச்சாராம். குளியல தூக்கத்துக்குப் பதிலா கணக்குல சேத்துக்கற ஆளு. இவர்மேலதான் எனக்கு எல்லாத்தயும்விட கோவம். அப்பாவுக்காவது ஆபீஸ் இருக்கு. இந்த ஆளு ஏன் வாயத் தெறக்கல. ஸ்டியரிங்க கட்டிப்புடிச்சு அதுமேல தாடைய வெச்சு முன்னாடி வண்டியோட பின்பக்கத்தப் பாத்துக்கிட்டிருக்காரு, அது நகர்ந்தா இதுவும் ஒரு வண்டி நீளம் நகரும். இடது காதுல துணி காயப்போடற கிளிப்பு. பச்சக்கலர் பிளாஸ்டிக் கிளிப்பு, காது மடல்ல நல்லா கவ்வி, சுத்தி செவந்து கெடக்குது. "இது எதுக்குண்ணே"ன்னேன். "கண்ணு சொருவறப்ப மாட்டிக்குவேன் தம்பி. சுர்ருன்னு இருக்கும்." "வலிக்கலயா." "வலிக்கறதுக்குத்தான மாட்டறது. இன்னா வக்கீலு நீ." மணி பன்னெண்டு, இன்னும் கேட்டே தாண்டல, கிளிப்பு இப்பவே ஏறிடுச்சு. "முடியாதுன்னு எங்கப்பாகிட்ட சொல்லவேண்டியதுதான. இன்னொரு டிரைவர் போட்டாத்தான் எடுப்பேன்னு சொல்லுங்க. உங்களுக்கு உரிமை இருக்கு." அவரு என்னத் திரும்பிப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு, பாக்கறாரா பாதி தூங்கறாரான்னு தெரியல. "இருபதாந்தேதி என் பொண்ணுக்கு நிச்சயம். ஊருக்கு விடுங்கன்னேன். கௌஹாத்தி போட்டுட்டு வந்து பத்து நாளு போய்க்கன்னாரு உங்கப்பாரு. இப்ப நீ உரிமைய இந்த டேஷ்போர்டுல வெய்யி, வேணும்னா ஊதுவத்தி கொளுத்தறேன்." எங்கப்பா எப்பவும் இப்படித்தான், லீவயே கயிறாத் திரிச்சு கழுத்துல போடுவாரு. இந்த ஆளும் கழுத்த நல்லா நீட்டி வசதி பண்ணிக் குடுப்பாரு. "அதுக்காக செத்தா போவீங்க"ன்னேன். வாய்லேருந்து வந்துருச்சு. இந்த வாய் இப்படித்தான், வந்தப்பறம்தான் எனக்கே தெரியும். அவரு கிளிப்ப எடுத்து வலது காதுக்கு மாத்தினாரு. "உங்கூடப் பேசினா தூக்கம் வரமாட்டேங்குது தம்பி. உன் வாயி அப்புடி. தயாளன் வந்தா ஏறினதும் தூங்கிடுவான், அவனப் பாத்து எனக்கும் வரும்."

கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி ரூம். ரெண்டு டிரைவரும் உள்ள போய், குடிச்சிருக்கமான்னு பாக்கற மிஷின்ல ஊதணும், அப்பறம் பத்து நிமிஷம் வீடியோ பாக்கணும், அப்பறம் உறுதிமொழி. வீடியோவுல ஒருத்தன் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில லாரி ஓட்டறான், ஷேவ் பண்ணியிருக்கான், பொட்டு வெச்சிருக்கான், கொட்டாவி வருது, ஒடனே வண்டிய மரத்தடியில நிறுத்திட்டு பின் சீட்டுல இருக்கற நண்பனத் தட்டி எழுப்பறான், நண்பன் சிரிச்சுக்கிட்டே எந்திரிக்கறான். தூக்கத்துலேருந்து எழுப்பினா எவன்டா சிரிக்கறான். பக்கத்துல சென்றாயன் அண்ணன் சேர்ல நிமிந்து உக்காந்தபடி தூங்கறாரு, தூங்கக்கூடாதுங்கற வீடியோவப் பாத்துக்கிட்டே. ரூமுக்குள்ள ஏசி, அவரு வாழ்க்கையில அன்னிக்குக் கெடச்ச நல்ல பத்து நிமிஷம் அது. மூஞ்சியெல்லாம் தளர்ந்து போச்சு, கிளிப்ப வெளியவே கழட்டிட்டாரு, காதுல ரெண்டு பல்லு தடம். நான் மானிட்டரப் பாக்காம அவரயே பாத்தேன். வீடியோ இன்னும் ஒரு மணி நேரம் ஓடினா தேவலன்னு தோணுச்சு. அந்தப் பாழாப்போன கம்பெனியோட பொய்ய நான் வேண்டிக்கிட்டேன், ஓடு, இன்னும் கொஞ்சம் ஓடுன்னு. வீடியோ முடிஞ்சு லைட்டு போட்டாங்க. பாதுகாப்பு ஆபீசர் ஒரு பொண்ணு, கீர்த்தனான்னு சட்டையில பேரு, என் வயசுதான் இருக்கும், மஞ்சக்கலர் ஹெல்மெட்ட ரூமுக்குள்ளயும் போட்டிருந்துச்சு. அது படிக்கப் படிக்க நாங்க திருப்பிச் சொல்லணும். நான் களைப்பாக இருக்கும்போது வாகனத்தை இயக்க மாட்டேன். சென்றாயன் அண்ணன் தூக்கத்துலேருந்து வந்த கொரல்ல, இயக்க மாட்டேன்னாரு. கையெழுத்து போடறப்பதான் அந்தப் பொண்ணு என் கையப் பாத்துச்சு. நெகத்துல அழுக்கு இல்ல, உள்ளங்கையில காப்பு இல்ல, நடு விரல்ல மட்டும் பேனா அழுத்தின மேடு. "உங்க பேரு." "வேடியப்பன்." "எத்தன வருஷமா ஓட்டறீங்க." "பதினஞ்சு." இருபது வயசு எனக்கு. அது ஜெராக்ஸ வாங்கி அந்தக் கருப்புச் சதுரத்த லைட்டுல தூக்கிப் பாத்துச்சு. "போன மாசம் வந்த வேடியப்பன் கொஞ்சம் குண்டா இருந்தாரு." நான் சொன்னேன், "எளச்சுட்டேன் மேடம்." சொல்லிட்டு நானே அசந்துட்டேன், எவ்ளோ சுலபமா வருது. அது சிரிக்கல. கொரல எறக்கி, அண்ணன் தண்ணி குடிக்க அந்தப்பக்கம் போயிருந்தப்ப, கேட்டுச்சு, "முழுசா போவீங்களா, இல்ல டோல்ல இறங்கிடுவீங்களா." அப்ப இதுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் ஹெல்மெட் போட்டுக்கிட்டு உறுதிமொழி படிக்குது. ஒரே ஒரு வார்த்த நான் சொன்னாப் போதும், வண்டி நிக்கும், இன்னொரு டிரைவர் வராம நகராது. அதே வார்த்தையில அண்ணனோட லீவும் போவும், நிச்சயமும் போவும், எங்கப்பா அவர நாளைக்கே வேணாம்னுடுவாரு, லைசென்ஸ் ஜெராக்ஸ் குடுத்தது அவருதான்னு கேஸ் அவர்மேலயே திரும்பும், அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும், படிச்சிருக்கேன்ல. சட்டம் எப்பவும் கைக்கு எட்டற ஆளத்தான் புடிக்கும். இதெல்லாம் நெஜமான காரணம். ஆனா அந்த நிமிஷம் இது எதயும் நான் யோசிக்கல, இதெல்லாம் அப்பறம் வண்டியில உக்காந்து கோத்தது. அந்த நிமிஷம் எனக்குப் பயமா இருந்துச்சு, அவ்ளோதான். "முழுசாத்தான் மேடம்"னேன். அது என்ன ஒரு பார்வ பாத்துச்சு, நான் எல்லாரயும் பாக்கற அதே பார்வ, அத என்மேல யாரும் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. சீல் குத்தி, "சந்தோஷமா போய்ட்டு வாங்க"ன்னுச்சு.

கேட்டு தெறந்துச்சு. திருவள்ளூர் ரோடு, வெயிலு கண்ணாடியில மோதி உள்ள வந்து உக்காருது, இன்ஜின் சூடு கால் வழியா ஏறுது. நான் கணக்கு போட ஆரம்பிச்சேன், வேற என்ன பண்றது. மணிக்கு நாப்பது கிலோமீட்டர், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சட்டப்படி ஓட்டினா அஞ்சு நாள்ல ஆயிரத்து அறுநூறு, கல்கத்தாவுக்குக் கொஞ்சம் முன்னாடியே டயம் முடிஞ்சுடும். அதுக்கப்பறம் இருக்கற ஆயிரம் கிலோமீட்டர் சட்டத்துல இல்லாத ரோடு. அங்க எவன் ஓட்டறான். வேடியப்பன் ஓட்டறாரு. அரூர்ல பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆளு ஏத்திக்கிட்டே ராத்திரியும் பகலுமா ஒரிசா தாண்டி ஓட்டிக்கிட்டிருக்காரு. நாப்பது பக்கத்துல இத நான் எழுதல. எனக்கு அப்பவே தெரியும், அப்பா ஆபீஸ்ல நாலு வருஷமா இதக் கேட்டுத்தான் வளந்தேன், தெரிஞ்சும் எழுதல, பொதுவா எழுதினேன், சில நிறுவனங்கள், சில இடைத்தரகர்கள்னு. சில. அந்த சிலதான் எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுது. இத நெனச்சுக்கிட்டிருக்கறப்ப நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டேன் போலருக்கு, ரோட்டோட மஞ்சக் கோடு என் பக்கத்துலேருந்து மெதுவா வண்டிக்கு அடியில போறதப் பாத்தேன், ஏதோ நூலு இழுத்த மாதிரி, இடது பக்கமா, அதுக்கு அந்தப்பக்கம் மண்ணு, மண்ணுல ஒரு தள்ளுவண்டி, தர்பூசணி அடுக்கியிருக்கு, குடைக்குக் கீழ ஒரு அம்மா. திரும்பினேன். அண்ணன் கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. பாதி. அதுக்குள்ள யாரும் இல்ல. "அண்ணே"ன்னு நான் கத்தின கத்துல அவரு ஸ்டியரிங்க ஒடிச்சாரு, பின்னாடி ஃப்ரிட்ஜெல்லாம் ஒரு தடவ முனகுச்சு, அந்த அம்மா குடைக்குக் கீழ எந்திரிச்சு நின்னுட்டாங்க, அவங்க வாய் அசையறத மட்டும் பாத்தேன், என்னன்னு திட்டினாங்களோ, எதா இருந்தாலும் சரி. அவரு சாதாரணமா, "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்"னாரு. "பொய் சொல்லாதீங்க." "கண்ணு தெறந்துதான இருந்துச்சு." "உங்களுக்கு வெக்கமா இல்லயா. அந்தம்மா செத்திருப்பாங்க." "ஏய், சும்மா கத்தாத. முப்பது வருஷம் ஓட்டறேன்." "முப்பது வருஷம் தூங்கறீங்க." அவருக்கு சுர்ருன்னு ஏறுச்சு, காது வரைக்கும் செவந்துச்சு, நிமிந்து உக்காந்தாரு, ரெண்டு கையும் ஸ்டியரிங்க நல்லாப் புடிச்சுது. அப்பதான் புரிஞ்சுது, திட்டினா முழிக்கறாரு. சரி. அதுல எனக்குப் பயிற்சி இருக்கு. அங்கேருந்து செங்குன்றம் வரைக்கும் நிறுத்தவே இல்ல. அவரு கட்சியத் திட்டினேன். அவரு போட்டிருந்த சட்டயத் திட்டினேன். பொண்ணப் படிக்க வெக்காம பத்தொம்போது வயசுல நிச்சயம் பண்றது காட்டுமிராண்டித்தனம்னேன், அதுக்கு அவரு சொன்னாரு, "அது நர்சுக்குப் படிச்சுக்கிட்டேதான் இருக்குது, அதுவே புடிச்ச பையன்தான், நீ ஒருத்தன் குறுக்க வராத." நான் விடல, அப்ப நிச்சயத்துக்கு ஏன் அவசரம்னு கேட்டேன். "படிச்சவன் வாயில மண்ணு விழ"ன்னாரு. கண்ணு ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு. ஓரமா நிறுத்தி ஒரு மணி நேரம் தூங்குங்கன்னு கேட்டும் பாத்தேன். "வண்டியில ஜிபிஎஸ் இருக்குது. பதினஞ்சு நிமிஷம் நின்னா கன்ட்ரோல் ரூமுலேருந்து போன் பண்ணுவானுங்க. எடுக்கலன்னா உங்கப்பாருக்கு அடிப்பானுங்க. ரெண்டு பேர் இருக்கீங்களே, எதுக்கு நிக்குதும்பானுங்க." ரெண்டு பேர் இருக்கறதாலயே அவரு தூங்க முடியாது. இத எந்தப் பாடப் புத்தகத்துலயும் போடமாட்டானுங்க.

டோல் தாண்டினதும் ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்க இழுத்தாரு. "இறங்கு வக்கீலு. அங்க பாலத்துக்குக் கீழ நில்லு, கும்மிடிப்பூண்டியிலேருந்து வர்ற பஸ் எல்லாம் நிக்கும். உங்கம்மா கையால நல்லா சாப்புடு." நான் பையத் தேடினேன், சீட்டுக்குப் பின்னாடி போயிருந்துச்சு, எட்டி இழுத்து, ஒத்த செருப்பு கியர் பக்கத்துல மாட்டியிருந்தத எடுத்து, ஒரு நிமிஷம் கூட ஆயிருக்காது, போய்ட்டு வர்றேண்ணேன்னு சொல்லத் திரும்பினா, அவரு தூங்கிட்டாரு. ஸ்டியரிங் மேல ரெண்டு கையயும் மடிச்சு அதுல நெத்திய வெச்சு, ஸ்கூல்ல பெஞ்சுல படுக்கற மாதிரி. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. சாவிய நான் திருப்பினேன், எவ்ளோ மெதுவா முடியுமோ அவ்ளோ மெதுவா, இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்னுச்சு. அவரு அசையல. எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்னுச்சு. இறங்கலாம். இறங்கறது தப்பே இல்ல, என் வேல அவ்ளோதான், கேட்டுலேருந்து டோல் வரைக்கும். கூட இருந்துதான் என்ன கிழிக்கப் போறேன், எனக்கு ஸ்கூட்டரே நேரா ஓட்ட வராது. ஆனா இந்த லாரிக் கதவ ஓங்கிச் சாத்தினாத்தான் மூடும், சாத்தினா முழிச்சுக்குவாரு, முழிச்சா வண்டிய எடுத்துடுவாரு. தெறந்து போட்டுட்டும் போக முடியாது. அப்படி கைப்புடியப் புடிச்சபடி பாதி உடம்ப வெளிய வெச்சு உக்காந்திருந்தேன். பஸ் போயிருச்சு. இன்னொண்ணு வந்து, அதுவும் போச்சு. லாரிங்க பக்கத்துல போறப்பல்லாம் எங்க வண்டி லேசா ஆடுச்சு, அவரு முதுகு ஏறி எறங்குது, சட்டையில உப்பு வெள்ளையாப் பூத்து மேப் மாதிரி இருக்கு. நான் என்ன பண்றேன்னு எனக்கே எரிச்சலா வந்துச்சு. இரக்கமா. எனக்கு இரக்கம்னாலே புடிக்காது, அது எங்க காலேஜ்ல ரத்ததான முகாமுக்குப் போட்டோ எடுத்துக்கறவனுங்க சமாச்சாரம். எங்கப்பாமேல கோவம், கம்பெனிமேல கோவம், அந்த ஹெல்மெட் பொண்ணுமேல கோவம், இந்த ஆளுமேலயும் கோவம், ஆனா கோவத்த வெச்சு இங்க ஒண்ணும் பண்ண முடியல, கதவத்தான் புடிச்சுக்கிட்டிருக்க முடியுது. காலு மரத்துப் போச்சு.

போன் அடிச்சுது. டேஷ்போர்டுல செருகியிருந்த அவரோட போன், சாமிப் பாட்டு ரிங்டோன், முழு சத்தத்துல. நான் பாய்ஞ்ச பாய்ச்சல்ல முழங்கால் கியர்ல இடிச்சுது, பாட்டு ரெண்டாவது வார்த்தைக்குப் போறதுக்குள்ள எடுத்துட்டேன். அண்ணன் முனகினாரு, மூஞ்சிய மட்டும் அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டாரு. "கன்ட்ரோல் ரூம்லேருந்து பேசறோம், வண்டி டோல் தாண்டி இருவது நிமிஷமா நிக்குது, பேசறது யாரு." சின்னப் பையன் கொரல், ஏசியில உக்காந்திருக்கற கொரல், படிச்சு முடிச்சு ஆறு மாசம் ஆயிருக்கும். "செகண்ட் டிரைவர்." "எதுக்கு நிக்குது." "பஞ்சர்." "எந்த வீல்." எனக்கு என்ன தெரியும், "பின்னாடி, உள்பக்கம்"னேன், உள்பக்கம்னா கழட்ட நேரமாவும்னு அப்பா யார்கிட்டயோ சொன்னது எங்கயோ காதுல விழுந்திருக்கு. "போட்டோ எடுத்து அனுப்புங்க." "ஜாக்கி போட்டிருக்கோம், அடியில படுத்துத்தான் எடுக்கணும், வண்டி எறங்கிச்சுன்னா என் போட்டோவ நீ எங்கம்மாவுக்கு அனுப்புவியா." "அப்படி இல்ல சார், ப்ரொசீஜர்." ப்ரொசீஜராம். வயித்துலேருந்து எழும்பி வந்துச்சு, நாலு மணி நேரமா அடக்கி வெச்சதெல்லாம், கேட்டுல சொல்லாதது, அப்பாகிட்ட தோத்தது, ஒரே மூச்சுல இவன் காது கிழியற மாதிரி கேக்கலாம்னு வாயத் தெறந்தேன், தெறந்த வாய அப்படியே வெச்சுக்கிட்டேன். ஒரு அடி தூரத்துல அந்த மனுஷன் தலை. வாயோரமா எச்சி வழிஞ்சு கைமேல எறங்குது, மூச்சு நெஞ்சோட அடிமட்டத்துக்குப் போய் வருது. கையால வாயயும் போனயும் சேத்து மூடிக்கிட்டேன், கண்ணாடிப் பக்கமாக் குனிஞ்சேன், கொழந்தைக்கு ரகசியம் சொல்ற மாதிரி ஆரம்பிச்சேன். தம்பி, உன் ப்ரொசீஜர்ல டயரு எவ்ளோ சூடாவும்னு எழுதியிருக்கா. இந்த வெயில்ல நட்டு கழட்டினா கைத்தோல் வரும், அதுக்கு எந்தப் பக்கத்துல பாக்கணும். உன் பேரு சொல்லு, உன் மேலதிகாரி பேரு சொல்லு, யாரு கையெழுத்துல இந்த உத்தரவு வந்துச்சு, எழுத்துல குடு. ஒரு மணி நேரம் ஆவும். ஒண்ணரையும் ஆவலாம். ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு ஒண்ணரை மணி நேரம், இவ்ளோ கேவலமான ஒரு வெற்றிய எந்த மேடையிலயும் நான் வாங்கினதில்ல, இது முடிஞ்சதும் இந்த ஆளு எந்திரிச்சு என்ன இறக்கிவிட்டுட்டுத் தனியாத்தான் போவாரு, நெல்லூருக்கு முன்னாடியே மறுபடி கண்ணு சொருவும், அங்க நான் இருக்கமாட்டேன், அது எனக்குத் தெரியும். அந்தப் பையன் "ஹலோ, ஹலோ"ங்கறான். "சார் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, ஒண்ணுமே கேக்கல." இருபது வருஷத்துல எவனும் எங்கிட்ட இந்த வார்த்தயச் சொன்னதில்ல. "இதுக்கு மேல முடியாது"ன்னேன், இன்னும் கொஞ்சம் கொறச்சுக்கிட்டு. "நீ உன் ரூம்ல இருக்கற ஏசிய நிறுத்திட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."